ஆரோக்கியசாமி சாரின் ஒரே கேள்வி

போன மாதம் எங்கள் கணிதத் துறையிலிருந்து ஓர் உதவிப் பேராசிரியர் போனில் கூப்பிட்டார். துறைக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். "கெஸ்ட் லெக்சர் பத்தி நீங்க எழுதணும் மேடம். உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். வேலையில் இருந்த காலத்தில் யாரும் என்னிடம் இப்படிக் குழைந்து பேசியதில்லை. இப்போதெல்லாம் சொற்பொழிவு கம்ப்யூட்டர் திரையில்தானாம். விருந்தினர் அவர் வீட்டில் உட்கார்ந்தபடி பேசுவார், நம் பிள்ளைகள் அவரவர் வீட்டில் படுத்தபடி கேட்பார்கள். "அட்டெண்டன்ஸ் பிரமாதம் மேடம்" என்றும் பெருமையாகச் சொன்னார். கேமராவை அணைத்துவிட்டுக் குளிக்கப் போகிறவனுக்கும் அட்டெண்டன்ஸ் உண்டென்றால் பிரமாதமாகத்தான் இருக்கும். எழுதித் தருகிறேன் என்றேன். இதை அவர்கள் மலரில் போடமாட்டார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அசோக் நகரில் பள்ளிக்கூடம், அப்புறம் எம்.எஸ்சி., அப்புறம் ஆராய்ச்சி, அப்புறம் அதே துறையில் வேலை. சேர்ந்த முதல் வாரமே துறைத் தலைவர் ஆரோக்கியசாமி சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உனக்குக் குரல் கணீர்னு இருக்கும்மா வசந்தா. கெஸ்ட் லெக்சர் எல்லாம் நீ பாத்துக்கோ, தற்காலிகமாத்தான்" என்றார். நான் ஓய்வு பெறும்வரை அந்தத் தற்காலிகம் முடியவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிறப்புச் சொற்பொழிவு என்றால் ஒருவர் வந்து பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள், அவ்வளவுதான். உண்மையில் அது கல்யாணத்துக்கு ஆள் சேர்ப்பதைவிடக் கஷ்டம். கல்யாணத்துக்காவது சாப்பாடு உண்டு. தெரியாத ஒரு மனிதர் புரியாத ஒரு விஷயத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைக் கேட்க ஒருவனும் தானாக வரமாட்டான். எனவே எம்.எஸ்சி. முதலாண்டு வகுப்பை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து உட்கார வைக்க வேண்டும். பின்பக்கக் கதவைப் பூட்ட வேண்டும். பிஸ்கட்டையும் காபியையும் முன்னாலேயே கொடுத்துவிட்டால் கூட்டம் கரைந்துவிடும், கடைசியில்தான் கொடுக்க வேண்டும். இரண்டாவது வரிசையில் நன்றாகத் தலையாட்டத் தெரிந்த நான்கு பிள்ளைகளைப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். பேசுகிறவர் யாராக இருந்தாலும் தலையாட்டுகிறவர்களைப் பார்த்துத்தான் பேசுவார். எங்கள் துறையில் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் தலையாட்டியே முதல் வகுப்பு வாங்கினார்கள்.

பொன்னாடை இன்னொரு தலைவலி. பாண்டி பஜாரில் ஒரு கடையில் மொத்தமாக வாங்கி என் அலமாரியில் வைத்திருப்பேன். உள்ளூர்க்காரருக்கு மெல்லியது, வெளி மாநிலத்தவருக்குச் சரிகை போட்டது, வெளிநாட்டுக்காரருக்கு அதைவிடப் பளபளப்பானது. நன்றியுரையை முதல் நாளே எழுதி வைத்துவிடுவேன். "சிந்தனையைத் தூண்டும் உரை" என்ற சொற்றொடரை நான் சொல்லாத விருந்தினர் கிடையாது. ஒருமுறை பாதிப் பேச்சில் மின்சாரம் போய்விட்டது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த ஹாலில் கும்மிருட்டு. விருந்தினர் அசரவில்லை, இருட்டிலேயே தொடர்ந்து பேசினார். விளக்கு வந்தபோது கூட்டம் மொத்தமும் போயிருந்தது. பூட்டிய கதவின் வழியாக எப்படிப் போனார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முன்வரிசையில் நானும் ஆரோக்கியசாமி சாரும் மட்டும் இருந்தோம். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த விருந்தினருக்கும் சிந்தனையைத் தூண்டும் உரைக்காக நன்றி சொன்னேன்.

சாரின் தூக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் துறையின் வரலாறு முழுமை அடையாது. சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர், ஒல்லி, எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. முன்வரிசையில் நடு நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, கைகளை முட்டியின் மேல் வைத்து உட்காருவார். விருந்தினர் முதல் சூத்திரத்தை எழுதி முடிப்பதற்குள் கண் மூடிவிடும். தலை சாயாது, வாய் திறக்காது, குறட்டை கிடையாது. பின்னாலிருந்து பார்த்தால் ஆழ்ந்து கேட்கிறார் என்றே தோன்றும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சு முடியும் சமயம் முழங்கையால் இடிப்பதும் என் பொறுப்புதான். ஆனால் பெரும்பாலும் இடிக்கத் தேவையிருக்காது. கைதட்டல் கேட்டதும் தானாகக் கண் திறப்பார், எழுந்திருப்பார், கேட்பார்:

"ஒன் ஸ்மால் எக்ஸாம்பிள், ப்ளீஸ்."

எந்த விருந்தினராக இருந்தாலும், எந்தத் தலைப்பாக இருந்தாலும் அவர் கேட்பது அந்த ஒரே கேள்விதான். ஒரு சின்ன உதாரணம் சொல்லுங்கள். முதல் கேள்வி தலைவருடையது என்பது எங்கள் துறையின் எழுதப்படாத சட்டம். அவர் கேட்பதற்கு முன்னால் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அவர் கேட்ட பிறகு காபி வந்துவிடும், எனவே யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஆகவே அத்தனை வருடங்களில் எங்கள் துறைக்கு வந்த அத்தனை பேரும் எதிர்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். பிள்ளைகள் அவருக்கு 'சின்ன எக்ஸாம்பிள்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். கூட்டம் முடிந்து வராந்தாவில் நாங்கள் ஆசிரியர்களும் அவரைப் போல நின்று காட்டிச் சிரிப்போம். நான் நன்றாகவே செய்து காட்டுவேன்.

வெளிநாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் வருகிற நம் ஊர் அறிஞர்களுக்கு ஒரு பருவம் உண்டு. ஜூன் மாதம் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார். மே மாதம் பேச்சே கிடையாது. டிசம்பர் பிறந்துவிட்டால், "நான் சென்னையில்தான் இருப்பேன், உங்கள் துறையில் ஒரு சொற்பொழிவு ஆற்றலாம்" என்று அவர்களாகவே எழுதுவார்கள். காலையில் நம்மிடம் கணிதம், மாலையில் மயிலாப்பூரில் கச்சேரி, நடுவில் சபா கேண்டீனில் கீரை வடை. பல்கலைக்கழகத்துக்கும் இது வசதி. யாராவது ஆராய்ச்சி மாணவருக்கு வாய்மொழித் தேர்வு இருந்தால் அதற்கும் அவரையே புறத் தேர்வாளராகப் போட்டுவிடலாம். காலையில் சொற்பொழிவு, மதியம் சாப்பாடு, சாப்பிட்ட பிறகு வைவா. ஒரே டிக்கெட்டில் எல்லாம் முடிந்துவிடும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று கொஞ்சம் கர்வமாகவும் இருந்தேன்.

ஆரோக்கியசாமி சார் ஓய்வு பெறுவதற்கு முந்தைய டிசம்பரில் அப்படி வந்தவர்தான் பேராசிரியர் முகுந்தன். மயிலாப்பூரில் பிறந்தவர். பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். கணித உலகில் அவர் பெயரைச் சொன்னால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவர் தேர்வு செய்ய வேண்டிய மாணவி கலைவாணி.

கலைவாணி சாரின் கடைசி ஆராய்ச்சி மாணவி. அடையாற்றங்கரையோரம் குடிசையில் வளர்ந்தவள். பிறகு அந்த இடத்தைக் காலி செய்து அவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். புறநகரில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்தாள். பஸ்ஸில் நின்றபடியே கணக்குப் போடுவாள். அடக்க ஒடுக்கமெல்லாம் கிடையாது. நான் ஒருமுறை வகுப்பில் ஒரு நிரூபணத்தை வேகமாகத் தாண்டியபோது, "இன்னா மேடம், நடுவுல ரெண்டு லைனைக் காணோம்" என்று எழுந்து நின்று கேட்டவள் அவள்தான். அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் முனைவர் பட்டம் வராவிட்டால் வேலை போய்விடும் என்று கல்லூரி நிர்வாகம் அவளிடம் சொல்லியிருந்தது. அவள் சம்பளத்தில்தான் அம்மாவும் படித்துக்கொண்டிருந்த தம்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வைவா நன்றாக முடிய வேண்டும், முகுந்தன் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

காலையில் முகுந்தன் வந்தார். சந்தனக் கலர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை. சரிகைப் பொன்னாடை போர்த்தினோம். பேசத் தொடங்கினார். நல்ல பேச்சாளர், அதை மறுப்பதற்கில்லை. கரும்பலகையில் நான்கு நிபந்தனைகளை எழுதினார். இந்த நான்கும் பொருந்துகிற ஓர் அமைப்பு இருந்தால் அதற்கு என்னென்ன அற்புத குணங்கள் இருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். கணிதம் தெரியாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். மாப்பிள்ளை பார்க்கும்போது நான்கு நிபந்தனை போடுகிறோம். பெரிய சம்பளம் வாங்க வேண்டும், உள்ளூரிலேயே இருக்க வேண்டும், சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட வேண்டும், மாமியார் இருக்கக்கூடாது. இந்த நான்கும் உள்ள மாப்பிள்ளை கிடைத்தால் பெண் எப்படியெல்லாம் சௌக்கியமாக இருப்பாள் என்று ஒரு மணி நேரம் பேசுகிறமாதிரி. பேச்சில் பிழையே இருக்காது. அப்படி இருந்தால் அவள் சௌக்கியமாகத்தான் இருப்பாள்.

கைதட்டினோம். சார் கண் திறந்தார், எழுந்தார்.

"ஒன் ஸ்மால் எக்ஸாம்பிள், ப்ளீஸ்."

முகுந்தன் சிரித்தார். உதாரணத்துக்கா பஞ்சம், நிறைய இருக்கும், அதை மாணவர்கள் வீட்டுப் பாடமாகச் செய்து பார்க்கட்டும் என்றார். எல்லோரும் சிரித்தோம். சார் நன்றி சொல்லி உட்கார்ந்தார். முகுந்தன் பலகையின் மூலையில் அந்த நான்கு நிபந்தனைகளைச் சுற்றிக் கட்டம் போட்டு, 'அழிக்க வேண்டாம்' என்று எழுதிவிட்டு இறங்கினார். பெரிய மனிதர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். அவர்கள் எழுதியதைப் பார்த்து நாங்கள் நாள் முழுவதும் பிரமித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைப்பு.

காபி ஊற்றும் இடத்தில் கலைவாணி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது. வைவா பயம் என்று நினைத்தேன்.

"மேடம், அவரு எழுதுன நாலும் சேந்து எதுக்குமே வராது மேடம். அப்டி ஒண்ணு கெடியவே கெடியாது. என் நாலாவது சாப்டரே அதான்."

எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் மளமளவென்று விளக்கினாள். அவர் அந்த நிபந்தனைகளுக்கு வேறு பெயர்கள் வைத்திருந்ததால் இதுவரை யாருக்கும் பிடிபடவில்லை. பலகையில் எழுதியதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்திருக்கிறது. அந்த நான்கும் ஒன்றாகப் பொருந்துகிற அமைப்பு எதுவும் இருக்கவே முடியாது என்று அவள் ஆய்வேட்டில் நிரூபித்து வைத்திருக்கிறாள். அதாவது முகுந்தன் இல்லாத மாப்பிள்ளையைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். அந்த ஆய்வேட்டைப் படித்து மதிப்பிட்டு, 'மிகச் சிறப்பானது, ஆழமானது' என்று அறிக்கை அனுப்பியவரும் அவர்தான்.

எப்படிப் படித்திருப்பார் என்று எனக்குத் தெரியாதா? முன்னுரையைப் படிப்பார்கள். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய்த் தங்கள் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். காட்டப்பட்டிருந்தால் ஆய்வேடு ஆழமானது.

"நாலாவது சாப்டரைத் தொடாதே" என்றேன். "மூணுலேர்ந்து நேரா அஞ்சுக்குத் தாவு. அவர் கேக்கமாட்டார், படிச்சிருந்தாத்தானே கேக்கறதுக்கு. முதல்ல பட்டத்தை வாங்கு. அப்புறம் அதைப் பேப்பரா எழுதி அவர் தலையில போடு."

நான் சொன்னது தப்பு என்று இந்த நிமிடம் வரைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவளை அம்மாவோடும் தம்பியோடும் நடுத்தெருவில் நிறுத்திவிட்டு உண்மையைக் காப்பாற்றுகிற ஆள் நான் இல்லை. உண்மை ஓடிவிடப் போவதில்லை, ஜூன் மாதம் வரைக்கும் காத்திருக்கும். கலைவாணி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு சரி மேடம் என்றாள்.

மதியச் சாப்பாடு துறையின் பின்னறையில். மயிலாப்பூர் மெஸ்ஸிலிருந்து வரவழைத்து இலை போட்டுப் பரிமாறினோம். முகுந்தன் கை கழுவப் போன சமயம் பார்த்து சாரிடம் விஷயத்தைக் குசுகுசுவென்று சொன்னேன். கலைவாணியிடம் நான் சொன்ன யோசனையையும் சொன்னேன். அவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை.

"அது அவ சாப்டர் வசந்தா. விடறதும் சொல்றதும் அவ இஷ்டம்" என்றார். பிறகு மோர்மிளகாய் இன்னும் ஒன்று போடச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய சொந்த மாணவியின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது, மனிதருக்கு மோர்மிளகாய் கேட்கிறது. இருபது வருடம் தூங்கித் தூங்கியே மூளை மரத்துப்போய்விட்டது என்று மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

வைவா காலையில் சொற்பொழிவு நடந்த அதே ஹாலில்தான். எங்கள் ஊரில் வைவா என்பது பொது நிகழ்ச்சி, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். கலைவாணியின் அம்மா சரோஜா ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு நிறையக் கேசரியோடு, மகனையும் கூட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் முடிவை அறிவித்த பிறகுதான் தூக்கைத் திறக்க வேண்டும் என்பது வழக்கம். அதற்கு முன் திறந்தால் லஞ்சம், அதற்குப் பின் திறந்தால் விருந்தோம்பல். அந்த அம்மாவுக்கு இதை நான் தனியாகக் கூப்பிட்டு விளக்க வேண்டியிருந்தது.

கலைவாணி பேசினாள். முதல் அத்தியாயம், இரண்டு, மூன்று. "அடுத்து ஐந்தாவது அத்தியாயம்" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. முகுந்தன் கவனிக்கவில்லை. அவள் பேசி முடித்ததும் மூன்று கேள்விகள் கேட்டார், மூன்றும் அவருடைய கட்டுரைகளைப் பற்றியே. அவள் பதில் சொன்னாள். அவர் திருப்தியாகப் பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார். கையெழுத்துப் போட வேண்டிய வைவா அறிக்கை அவர் முன்னால் மேசைமேல் இருந்தது.

என் பக்கத்தில் சார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டும் என் முழங்கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். தூங்கட்டும், புண்ணியவான் நன்றாகத் தூங்கட்டும் என்று இருந்தேன். இன்னும் ஒரு நிமிடம் போனால் கையெழுத்து விழுந்துவிடும்.

பேனாவைத் திறந்ததைப் பார்த்த சரோஜா அம்மா எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டிவிட்டார். அவர் தட்டியதைப் பார்த்துத் தம்பி தட்டினான், தம்பியைப் பார்த்து எம்.எஸ்சி. பிள்ளைகள் தட்டினார்கள். சார் கண் திறந்தார். எழுந்தார்.

"ஒன் ஸ்மால் எக்ஸாம்பிள், ப்ளீஸ்" என்றார். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை நின்றுவிட்டு, "ஃபிரம் சாப்டர் ஃபோர்" என்று சேர்த்துக்கொண்டார்.

அத்தனை வருடங்களில் அந்தக் கேள்விக்கு வால் முளைத்தது அன்றுதான். கலைவாணி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பிறகு சாரைப் பார்த்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். கேள்வி கேட்டதும் உட்கார்ந்துவிடுகிற மனிதர் அன்றைக்கு உட்காரவில்லை. 

"எக்ஸாம்பிள் கிடையாது சார்" என்றாள் கலைவாணி. "கிடையாதுங்கிறதுதான் தியரம்."

"எந்த தியரம்?" என்று முகுந்தன் தலை நிமிர்ந்தார். அவள் பலகையின் மூலைக்குப் போனாள். அவர் போட்ட கட்டம் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதிலிருந்து ஓர் அம்புக்குறி இழுத்து, நான்கு நிபந்தனைகளையும் தன் பெயர்களில் எழுதினாள்.

"இது நான் காத்தால எழுதினதுதானே?" என்றார் முகுந்தன்.

"ஆமா சார்."

பிறகு அவள் நிறுத்தவில்லை. நிரூபணத்தை முதல் வரியிலிருந்து எழுதினாள். முகுந்தன் முதலில் உட்கார்ந்தபடியே இடைமறித்தார், அவள் பதில் சொன்னாள். பிறகு எழுந்து வந்து பலகையருகே நின்று இடைமறித்தார், அதற்கும் சொன்னாள். கடைசி வரி எழுதியதும் சாக்பீஸைக் கீழே வைத்தாள். அவர் அவளையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போய்விட்டார். அறிக்கை கையெழுத்தில்லாமல் மேசைமேல் கிடந்தது.

வராந்தாச் சுவரில் தாளை வைத்து அவர் கிறுக்குவதும் அடிப்பதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது.  சரோஜா அம்மா மெதுவாக என்னிடம் வந்தார்.

"இன்னாமா, என் பொண்ணு பாஸா, ஃபெயிலா? அந்த ஆளு இன்னாத்துக்கு வெளிய போய் நின்னுகினு கீறாரு?"

"யோசிக்கறார்மா."

"இத்தினி நேரமா? கேசரி வேற ஆறிகினு கீது."

கொஞ்சம் பொறுங்கம்மா என்று அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். கலைவாணி பலகைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள், கையெல்லாம் சாக்பீஸ் தூள்.  இந்த மனிதர் கோபத்தில் ஒரு வார்த்தை மாற்றி எழுதினால், திருத்தி மறுபடி சமர்ப்பிக்கவும் என்று ஒரு வரி எழுதினால், ஜூன் மாதம் இவள் கதி என்ன? என் கோபத்தையெல்லாம் சேர்த்து சார் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சார் மறுபடி கண்ணை மூடிவிட்டிருந்தார். கை முட்டியின் மேல். ஆனால் ஆள்காட்டி விரல் முட்டியின் மேல் எதையோ எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தது.

முகுந்தன் உள்ளே வந்தபோது ஜிப்பாவின் முழங்கையெல்லாம் சுவர்ச் சுண்ணாம்பு. நேராகப் பலகைக்குப் போய், காலையில் தான் போட்ட கட்டத்தைத் தன் கையாலேயே அழித்தார்.

"எப்படியாவது ஒரு எக்ஸாம்பிள் பண்ணிடலாம்னு பார்த்தேன். முடியலை" என்றார். "நாலு வருஷமா இல்லாத ஒண்ணைப் பத்திப் பேசிண்டிருந்திருக்கேன். இவ தீசிஸ்ல இந்தச் சாப்டர்தான் ஒசத்தி. நான் படிச்சிருக்கணும்."

உட்கார்ந்தார், கையெழுத்துப் போட்டார், பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். கலைவாணி அழவில்லை. நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். தூக்கு திறந்தது. முகுந்தன் இரண்டு முறை கேசரி வாங்கிச் சாப்பிட்டார். அவ்வளவு பெரிய அடி வாங்கியவருக்கு அவ்வளவு பசி எடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்த வாரம் ஊரில் வேறு இரண்டு இடங்களில் அதே சொற்பொழிவை ஆற்றுவதாக இருந்தார். தொண்டை சரியில்லை என்று இரண்டையும் ரத்து செய்துவிட்டார். கச்சேரிகளுக்கு மட்டும் தவறாமல் போனார், தொண்டைக்கு அது தேவலையாக இருந்திருக்கும். பிற்பாடு கலைவாணிக்கு நல்ல கல்லூரியில் வேலை கிடைக்க அவர் எழுதிக்கொடுத்த சிபாரிசுதான் காரணம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த முறை ஆய்வேட்டை முழுவதும் படித்துவிட்டு எழுதியிருந்தார்.

எனக்கு சார் மேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை. நல்லபடியாக முடிந்ததால் சரி, முடியாமல் போயிருந்தால்? அவர் ஓய்வு பெற்றுப் போனார், நான் நன்றியுரை ஆற்றினேன், அவர் உரை சிந்தனையைத் தூண்டியதாகச் சொன்னேன். அப்புறம் நானும் ஓய்வு பெற்றேன்.

மலருக்கு எழுத வேண்டும் என்று வந்ததும் ஒருநாள் காலை பாலவாக்கத்துக்கு பஸ் ஏறினேன். சார் இப்போது அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். மாடி பால்கனியில் அதே அரைக்கைச் சட்டை, அதே நிமிர்ந்த முதுகு. எதிரே கடல். பேரன் கொண்டுவந்து கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன். நீங்கள் தூங்கினீர்களா, தூங்குகிறமாதிரி நடித்தீர்களா?

"தூங்கினேம்மா. பாதிப் பேர் பேச்சு அந்த லட்சணம்" என்றார்.

"அப்ப கலைவாணி வைவாவுல?"

"அன்னைக்குத் தூங்கலை."

நான் விடவில்லை. ஏன் சார் அந்தப் பெண்ணை அப்படி மாட்டிவிட்டீர்கள், நான்தான் தாவச் சொல்லியிருந்தேனே, அவள் பாட்டுக்கு டாக்டர் ஆகியிருப்பாளே என்று சண்டைக்கே போனேன். 

"ஆகியிருப்பா. என்னை மாதிரி ஆகியிருப்பா" என்றார்.

புரியவில்லை என்றேன். அவர் சாதாரணமாக, ரசத்தைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு முழுவதும் ஒருவகை அமைப்பைப் பற்றியது. ஒவ்வொரு வரியும் சரி, ஒரு பிழை கிடையாது. வைவாவுக்கு முந்தைய வாரம், அப்படி ஓர் அமைப்பே இருக்க முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அப்பா இறந்து போயிருந்தார், வீட்டில் இரண்டு தங்கைகள், வேலை காத்துக்கொண்டிருந்தது. யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு போய் நின்றிருக்கிறார்.

"ஒருத்தராவது, ஒரு சின்ன எக்ஸாம்பிள் சொல்லுப்பான்னு கேட்டிருந்தா போதும் வசந்தா. நான் ரெடியாத்தான் நின்னேன். யாரும் கேக்கலை. கைதட்டிட்டாங்க."

கப்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதுலேர்ந்து கைதட்டுற சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் கலைஞ்சிடும்" என்றார்.